சந்தனமாரியின் பிக்கப் நிற்காத நாற்பத்து மூன்று நாட்கள்

தருவைமுனையில் இரும்புக்கு ஆயுசு குறைச்சல். ஒரு பக்கம் கடலும் மூன்று பக்கம் உப்பளமுமாகக் கிடக்கிற ஊர் அது. அங்கே ஆடியில் வாங்கிய கத்தரிக்கோல் ஐப்பசியில் வாய் திறக்காது, சேலையில் குத்திய ஊக்கு சேலையோடு ஒட்டிச் செம்புள்ளியாகிவிடும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவரிடம் நாலு வார்த்தை பேசினால் உள்ளங்கை மருதாணி வைத்ததுபோல் ஆகிவிடும். அந்த ஊரில் பத்தொன்பது வருஷம் ஓடிய ஒரே வண்டி சந்தனமாரியின் பிக்கப்தான். விடிந்ததும் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு உப்புப் பாத்திக்குப் போகும், பகலெல்லாம் உப்பு மூட்டை அடிக்கும், சாயங்காலம் அதே பதினோரு பேரை, கண்ணிமையில்கூட உப்புப் பூத்திருக்க, வீடு வீடாக இறக்கிவிடும். சந்தனமாரிக்கு நாற்பத்தாறு வயது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவள் முகத்தில் ஒரு திமிர் வரும், அந்தத் திமிர் ஊருக்குப் பிடிக்கும்.

வண்டியின் பிரேக் கொஞ்ச காலமாகவே சரியில்லை. ஒரு மிதிக்குப் பிடிப்பது இரண்டு மிதிக்கும், பிறகு மூன்று மிதிக்கும் என்று ஆனது. பின்னால் நிற்கிற பெண்களுக்குக்கூட அவள் மிதிக்கிற சத்தம் கேட்கும், கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொள்வார்கள், அது ஒரு பழக்கமாகவே ஆகிப்போனது. விபத்துக்கு இருபது நாளைக்கு முன்னால் மெக்கானிக் தொம்மை வண்டிக்கு அடியில் படுத்து, வெளியே வந்து, அவள் முன்னால் கையை விரித்துக் காட்டினார். கையில் சிவப்புப் பொடி.

"இது என்ன தெரியுமா? ஒன் பிரேக் பைப். விரல வச்சேன், உதிர்ந்துட்டு. ஆயில் கசிஞ்சு வீல் பூரா நனஞ்சு கெடக்கு. வண்டிய இங்கனயே விட்டுட்டுப் போ. நாலு நாள்ல தாரேன்."

"நாலு நாளா? வானத்தப் பாத்தீரா அண்ணே? மழ விழுறதுக்குள்ள உப்ப வாரி முடிக்கணும். வாரி முடிச்ச அன்னைக்கே கொண்டாந்து விடுதேன்."

"நான் சொல்லிட்டேன்."

"கேட்டுட்டேன் அண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. தொம்மை அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. சந்தனமாரியும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில், ஓடைப்பாலத்தின் இறக்கத்தில், பதினோரு பேரும் பின்னால் நிற்க, அவள் ஒருமுறை மிதித்தாள், காற்றை மிதித்ததுபோல் இருந்தது; இரண்டாவது மிதித்தாள், மூன்றாவது மிதித்தாள், நான்காவது மிதியில் பிரேக் போய்த் தரையில் படுத்துக்கொண்டு மேலே வரவில்லை. நேரே போனால் டீக்கடை, கடைக்கு முன்னால் பெஞ்சு, பெஞ்சில் ஆட்கள். சந்தனமாரி வண்டியை ஒரே ஒடியாக ஒடித்து உப்பளத்து வரப்புச் சாலையில் ஏற்றினாள், ஏற்றத்தில் வேகம் கொஞ்சம் தணிந்தது, "குதிங்கட்டீ! உப்புக்குவியல்ல குதிங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். எல்லோரையும் கைபிடித்து இறக்கிவிட்டுக் கடைசியாக நின்றவள் முப்பிடாதி. சந்தனமாரி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த அதே மாசத்தில் பக்கத்துத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள், அன்றிலிருந்து அவளுக்கு இவள், இவளுக்கு அவள். முப்பிடாதி குதித்தபோது உப்புக்குவியல் முடிந்துபோயிருந்தது. கரைக்கு அடுக்கியிருந்த கல்லில் விழுந்தாள். கணுக்கால் ஒடிந்த சத்தம் சந்தனமாரிக்கு ஸ்டியரிங்கில் கேட்டது.

வண்டி வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, ஒரு ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. அதற்குக் கீழே குறையவில்லை. சந்தனமாரி சாவியைத் திருப்பினாள், எஞ்சின் அடங்கியது, வண்டி போய்க்கொண்டிருந்தது. கியரை எடுத்தாள், போய்க்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்தாள், அது துருவோடு பிடுங்கிக்கொண்டு கையோடு வந்தது. சக்கரத்துக்கு முன்னால் கல் போட்டார்கள், வண்டி ஏறி இறங்கிப் போனது. உப்பு அம்பாரத்துக்குள் விடச் சொன்னார்கள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெள்ளை வெளேரென்று வந்தது. இரண்டு டிராக்டரைப் பின்னால் வடத்தில் கட்டிப் பூட்டு போட்டார்கள், டிராக்டர் இரண்டும் சந்தைக்குப் போகிற கன்றுக்குட்டிகள் மாதிரி பின்னாலேயே வந்தன. எஞ்சின் சத்தமும் இல்லை, டீசல் வாசமும் இல்லை. நாலு சக்கரம் மண்ணை நெரிக்கிற சத்தம் மட்டும் வரப்புச் சாலை, ஓடைப்பாலம், பள்ளிக்கூடம், கோயில் தெரு, கடைத்தெரு, மறுபடி வரப்புச் சாலை என்று ஊரைச் சுற்றியது. ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம்.

இறங்கிவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். இரண்டாம் நாள் அதையும் செய்து பார்த்தார்கள். சந்தனமாரியின் புருஷன் கொம்பையா, கடைத்தெருவில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறவர், அதிர்ந்து பேசாத மனுஷர், ஓடிவந்து தொற்றி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவள் சீட்டை விட்டு நகர்ந்தாள். அவள் கால் தரையில் படுவதற்குள் வண்டி அவிழ்த்துவிட்ட காளை மாதிரி பாய்ந்தது. கொம்பையாவின் கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தது. சந்தனமாரி பிடித்த கதவை விடாமல் தொங்கி உள்ளே ஏறி உட்கார்ந்ததும் அது பழைய நடைக்கு வந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் வாரம் ஊர் பயந்தது. பிள்ளைகளை வெளியே விடவில்லை, ஆடுகளைக் கட்டிப் போட்டார்கள், வண்டி வருகிற சத்தம் கேட்டதும் நடுத்தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நடைப்படியில் ஏறிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் பயம் போய்ப் பழக்கம் வந்தது, ஏனென்றால் நடக்கிற வேகத்தில் வருகிற ஒன்றை எத்தனை நாளைக்குப் பயப்படுவது. பஞ்சாயத்தில் ஆள் விட்டு வேகத்தடையை வெட்டி எடுத்தார்கள். கோயில் தெரு வளைவில் துருத்திக்கொண்டிருந்த திண்ணையை அந்த வீட்டுக்காரரே இடித்தார். பாத்திக்குப் போகிற பெண்கள் ஓட்டத்தில் ஏறவும் ஓட்டத்தில் இறங்கவும் கற்றுக்கொண்டார்கள், இடது காலை முதலில் வைக்க வேண்டும் என்று புதிதாக வந்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிளசி டீச்சர் மணியடிப்பதை விட்டுவிட்டு, வண்டி மூன்றாவது தடவை வாசலைக் கடந்தால் இடைவேளை என்று வைத்தார். "ரெண்டு சுத்துல வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்கள் கடைக்குப் போனார்கள்.

பிறகு, வண்டியோடு சேர்ந்து நடந்தால் வீட்டில் பேச முடியாததைப் பேச முடிகிறது என்று ஊர் கண்டுபிடித்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, இரண்டு பேரும் முன்னால்தானே பார்த்து நடக்கிறார்கள். எட்டு வருஷம் பேசாத அண்ணனும் தம்பியும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நடந்து ஒரு சுற்றில் வேலித் தகராறைத் தீர்த்தார்கள். ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வலது பக்கம், பெண் வீட்டார் இடது பக்கம், வெற்றிலைத் தட்டை பானெட்டுக்கு மேலாகக் கை மாற்றினார்கள், தாய்மாமன் மாலையோடு பின்னோக்கி நடந்தே வந்தார். தூக்கம் வராத ஒருவரைப் பின்னால் படுக்க வைத்தார்கள், அவர் நாலு சுற்றுக்குக் குறட்டை விட்டார். இதெல்லாம் நடக்கும்போது சந்தனமாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியதை ஊர் பார்த்துக்கொண்டது. கேபினைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிப் பெண்கள் முறைவைத்துக் குளிக்க வைத்தார்கள், மற்றதற்கும் ஏற்பாடு இருந்தது. வரப்புச் சாலையின் நேர் வழியில் ஸ்டியரிங்கைச் சேலையால் கட்டிவிட்டுக் கால் மணி நேரம் கண்ணயர்வாள், வளைவு வருவதற்குள் யாராவது தோளைத் தட்டுவார்கள். கொம்பையா வேளாவேளைக்குத் தூக்குவாளியோடு வந்து ஜன்னல் ஓரமாக நடந்துகொண்டே ஊட்டிவிடுவார். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் பேசியதைவிட அந்த ஒரு மாசத்தில் அவர் அதிகம் பேசினார், நடந்து நடந்து இடுப்பு வேட்டியை இரண்டு சுற்று அதிகம் சுற்றிக் கட்டினார்.

"கொழம்பு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. கொஞ்சம் உக்காந்து சாப்பிடணும்போல இருக்கு."

"உக்காந்துதான இருக்க?"

"தரையில, கொம்பையா. தரையில உக்காந்து."

அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனிக்காதவர்போல அடுத்த உருண்டையை நீட்டினார்.

அவளுடைய கால்கள்தான் அவளைப் படுத்தின. உள்ளங்கால் அரிக்கும், சொறிந்தால் அடங்காது, மண் கேட்டு அரிக்கிற அரிப்பு அது. கண்ணை மூடினால் வெறும் தரை வரும், மொட்டைத் தரை, அதன்மேல் ஒன்றும் நடக்காது, அவள் நிற்பாள், அவ்வளவுதான் கனவு. ஆனால் கால் அரிப்பைவிடப் பெரிய அரிப்பு தொண்டையில் இருந்தது. ஊரில் எல்லோரும் அவளைக் கும்பிட்டார்கள். "பதினோரு உசுரக் காப்பாத்துனவ" என்று ஒருவர் ஆரம்பித்தார், அப்புறம் அதுவே அவள் பெயராக ஆனது. டீக்கடைக்காரர் தன் பெஞ்சு பிழைத்ததற்காக தினமும் முதல் டீயை ஓடிவந்து கொடுத்தார். கண்ணாடியில் மாலை போட்டார்கள். சந்தனமாரி இரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களிடம், "அது இல்லட்டி, எனக்கு முன்னாலயே..." என்று ஆரம்பித்தபோது, "விடு எக்கா, நடந்தது நடந்து போச்சு, மனசப் போட்டுக் கொழப்பாத" என்று அவள் வாயில் ஒரு பழத்தை வைத்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்திரண்டு தடவை வண்டி முப்பிடாதியின் வீட்டைக் கடந்தது. அத்தனை தடவையும் கதவு சாத்தியிருந்தது. பதினோரு பேரில் பத்துப் பேர் வந்து போனார்கள், முப்பிடாதி வரவில்லை.

இருபதாம் நாள் தொம்மை வந்தார். பலகையில் பேரிங் சக்கரம் பூட்டி, அதில் மல்லாக்கப் படுத்து, பலகையை வண்டியின் அச்சோடு கயிற்றில் கட்டி, வண்டி இழுக்க இழுக்க அதன் அடியிலேயே கிடந்து வேலை பார்த்தார். அப்படி ஒரு வேலையை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பகல் எடுத்தது. பழைய பைப்பைப் பிடுங்கிப் புதியது போட்டார், மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார், நாலு வீலுக்கும் லைனிங் மாற்றினார், பைப்பில் அடைத்த காற்றை எடுத்து ஆயில் நிரப்பினார். மூக்கு நுனி முதல் கால்விரல் வரை சிவந்துபோய் வெளியே வந்து, வண்டியோடு நடந்தபடி, "மிதி" என்றார்.

சந்தனமாரி மிதித்தாள். அரை விரல் இறங்கியதும் கல்லைப்போலக் கெட்டியாக நின்றது பிரேக். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு பிரேக்கை அவள் மிதித்ததில்லை. நாலு சக்கரத்திலும் லைனிங் கவ்விப் பிடித்தது, பிடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வண்டி போய்க்கொண்டிருந்தது.

"ஏம் வேலயில கொற இல்ல" என்றார் தொம்மை, கொஞ்ச தூரம் நடந்த பிறகு.

"தெரியும் அண்ணே."

"பிரேக் பிடிக்கி."

"பிடிக்கி அண்ணே. அன்னைக்கே ஒம்ம பேச்சக் கேட்டுருக்கணும்."

தொம்மை ஒரு சுற்று முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு கூடவே நடந்துவிட்டு, தன் பட்டறை வந்ததும் உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டார்.

அதற்குள் வெளியூருக்குச் செய்தி போயிருந்தது. போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் வந்தார், நிறுத்தினால்தான் வண்டியைச் சோதிக்க முடியும், சோதித்தால்தான் தடைசெய்ய முடியும் என்றார், மூன்று சுற்று கூடவே நடந்தார், ஷூவின் அடிப்பாகம் பிளந்தது, "வாகனம் பரிசோதனைக்காக நிறுத்தப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். பிறகு வேனில் ஆட்கள் வந்தார்கள். எலுமிச்சம்பழ மாலை வந்தது, நேர்த்திக்கடன் வந்தது, ஒரு சுற்று கூட நடந்தால் மூட்டுவலி போகும் என்றும் வழக்கு ஜெயிக்கும் என்றும் பேச்சு வந்தது. கடைத்தெருவில் "நிற்காத பிக்கப் - ஏறும் இடம்" என்று போர்டு எழுதி வைத்தார்கள். டீக்கடைக்குப் பக்கத்தில் இன்னொரு டீக்கடை முளைத்தது. வரைபடத்தில் பேர் இல்லாத தருவைமுனைக்கு மினிபஸ் வர ஆரம்பித்தது. வண்டி எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர், வண்டி நின்றுவிடுமோ என்று கேட்க ஆரம்பித்தது. அந்தக் கேள்வி எந்த நாளில் மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

துரு மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை. வண்டி போன வழியெல்லாம் சிவப்புக் கோடு விழுந்து ஊரை ஒரு வட்டமாகச் சுற்றி வளைத்தது. முதலில் பின்கதவு கழன்று விழுந்தது, அப்புறம் ஒரு மட்கார்டு, அப்புறம் நம்பர் பிளேட், அப்புறம் இடது பக்கக் கதவு. பின்பக்கத் தகடு முறுக்கு மாதிரி நொறுங்கி உதிர்ந்து, பெண்கள் சட்டத்தின்மேல் கால் வைத்து நின்றார்கள், பிறகு சட்டமும் தாங்காது என்று இறங்கி நடந்தார்கள். ஒவ்வொன்றும் விழ விழ ஊர் ஓடிவந்து ஒட்டுப் போட்டது. மூங்கில் வைத்துக் கட்டினார்கள், படகுப் பலகை அடித்தார்கள், மீன்வலைக் கயிற்றால் கேபினைச் சேர்த்து வரிந்தார்கள், ஓட்டத்திலேயே வெல்டிங் வைத்தார்கள். சந்தனமாரியின் முதுகுக்குப் பின்னால் பொறி பறக்கும், அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். நாற்பதாம் நாள் ஊர்ப் பெரிய ஆட்கள் ஏழு பேர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட நடந்தார்கள்.

"தாயி, ஒனக்கு ஒரு கொறயும் இல்லல்லா?"

"எறங்கணும்" என்றாள்.

"அது சரி. எறங்கத்தான வேணும். கோயில் கொடை முடியட்டும். கொடைக்கு எட்டு ஊர்லயிருந்து ஆள் வருது. புதுசா ஒரு கூண்டு செஞ்சு, பெயின்ட் அடிச்சு, ஒனக்கு மெத்த போட்ட சீட்டு..."

"எறங்கணும்னு சொல்லுதேன், கேக்கலியா? ஏங் காலு மண்ணுல படணும். ஒங்களுக்கு வண்டி வேணும்னா நீங்க ஏறி ஓட்டுங்க!"

அவள் அப்படிக் கத்தியதும் ஏழு பேரும் பயபக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள், வண்டி ஓட்டுகிறவளுக்கு அருள் வந்ததென்று எட்டு ஊருக்கும் செய்தி போய்விட்டது. சந்தனமாரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அழுதபடியே வளைவை ஒடித்தாள், ஏனென்றால் அந்த வளைவில் ஒரு ஆடு நின்றது.

நாற்பத்து மூன்றாம் நாள் உச்சி வெயிலில், வெளியூர்க் கூட்டமும் உள்ளூர்க் கூட்டமுமாக நூறு பேர் கூட நடந்துவர, வண்டி முப்பிடாதியின் தெருவுக்குத் திரும்பியபோது கதவு திறந்திருந்தது. முப்பிடாதி கக்கத்தில் கட்டையை ஊன்றி நடுத்தெருவில் நின்றாள். கால் இன்னும் மாவுக்கட்டில் இருந்தது, மெலிந்திருந்தாள், தலையை எண்ணெய் வைத்து இழுத்து வாரியிருந்தாள். வண்டி வருகிறது, நகரு என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் நகரவில்லை. வண்டி அவளை நெருங்கிய பிறகுதான் கட்டையை ஊன்றித் திரும்பி, அதன் பக்கவாட்டிலேயே, கதவில்லாத இடது பக்கத்தில், தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தாள். ஒடிந்த காலோடு நடக்கிறவளுக்கு அந்த வேகம் ஓட்டம்தான். மூச்சு வாங்கியது.

"ஏட்டி சந்தனமாரி, ஒண்ணு கேக்கேன்."

"கேளு."

"பிரேக் இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

நூறு பேரும் கேட்டார்கள். கொம்பையா தூக்குவாளியோடு நின்றுவிட்டார்.

"தெரியும்" என்றாள் சந்தனமாரி. நாற்பத்து மூன்று நாளாகத் தொண்டையில் கிடந்தது அவ்வளவு சின்னதாக வெளியே வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "தொம்மை அண்ணன் பைப்ப உதிர்த்துக் காமிச்சாரு. வண்டிய விட்டுட்டுப் போன்னாரு. நாந்தான் மழைக்கு முன்ன முடிக்கணும்னு எடுத்துட்டு வந்தேன். தெரிஞ்சுதான் ஒங்கள ஏத்துனேன்."

கூட்டத்தின் காலடிச் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. மாலையோடு வந்தவர்கள் மாலையைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடைக்காரர் தன் பெஞ்சு இருந்த திசையைப் பார்த்தார். வண்டி அதற்கும் நிற்கவில்லை. சந்தனமாரி உண்மையைச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று மனசின் ஒரு மூலையில் நம்பியிருந்தாள். அது நடந்த அதே நடையில் நடந்தது. கூட நடந்தது முப்பிடாதி மட்டும்தான்.

"அன்னைக்கு நானும் பாத்தேன்" என்றாள் முப்பிடாதி, மூச்சுக்கு நடுவில். "ஏறும்போது வீல்ல ஆயில் வடிஞ்சுது. நீ மூணு மிதி மிதிக்கிறது ஒரு வருசமாக் கேக்கோம். பதினோரு பேருக்கும் காது இல்லியா? சொன்னா வண்டி நிக்கும், நின்னா நடந்து போவணும். அதான் வாயப் பொத்திட்டு ஏறுனோம்."

"அப்போ..."

"அப்போவும் இல்ல, இப்போவும் இல்ல. அதுக்காக ஒன்ன விட்டுட்டேன்னு நெனைக்காத. ஒடிஞ்சது ஏங் காலு. வீட்டுல கெடந்து ஒன்னத் திட்டாத நாளு இல்ல. திட்டி முடிஞ்சபாடும் இல்ல." அவள் வண்டியின் சட்டத்தைப் பிடித்துத் தத்தியபடியே கட்டையை உள்ளே வீசினாள். "கையக் குடு. இனி என்னால நடக்க ஏலாது."

சந்தனமாரி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். முப்பிடாதி இடது காலைத் தூக்கி வைக்க முடியாமல், வயிற்றை இருக்கையில் போட்டு, மீனை இழுத்துப் போடுவதுபோல் தன்னைத்தானே உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓட்டு."

"எங்க?"

"எங்கயாவது ஓட்டு. அதே தெருவப் பாத்துப் பாத்து ஒனக்குச் சலிக்கலியா?"

நாற்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக சந்தனமாரி சிவப்புக் கோட்டை விட்டு விலகினாள். கடைத்தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், ஊர் பின்னால் கூக்குரல் போட, கைவிட்ட பழைய பாத்திகளுக்கு நடுவே கடலைப் பார்த்துப் போகிற தெற்கு வரப்பில் வண்டியை ஏற்றினாள். அங்கே யாரும் போவதில்லை. இரண்டு பக்கமும் தேங்கிய தண்ணீர் ரோஜா நிறத்தில் கிடந்தது, வெயில் எல்லாவற்றின்மேலும் ஒரே கனத்தில் கிடந்தது. ஊர் போட்ட ஒட்டு ஒவ்வொன்றாகக் கழன்றது. மூங்கில் விழுந்தது, படகுப் பலகை விழுந்தது, வலைக்கயிறு அவிழ்ந்து வாலாக இழுபட்டது. முப்பிடாதி திட்டினாள். முதலில் காலுக்காகத் திட்டினாள், பிறகு பாத்தியில் தன் இடத்தில் இப்போது வேறொருத்தி உப்பு வாருவதற்காக, பிறகு எப்போதோ ஒரு தீபாவளிக்குச் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போனதற்காக. சந்தனமாரி முதலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், தீபாவளி வந்ததும் பொறுக்கவில்லை, திருப்பித் திட்டினாள். அப்படியே பேச்சு வண்டி வாங்கின நாளுக்குப் போனது.

"அன்னைக்கு நாந்தான ஒங்கூட வந்தேன்? அந்தப் பச்சக் கலரு வண்டிய எடுன்னு நாந்தான சொன்னேன்?"

"பச்சையா? இது நீலம்டி."

"எது நீலம்? கிளிப்பச்ச!"

"பத்தொம்போது வருசம் ஓட்டுனவ நான். எனக்குத் தெரியாதா? நீலம்."

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. எறங்கிப் பாரு, எங்கயாவது ஒரு பொட்டு பெயின்ட் இருக்கும்."

எங்கும் இல்லை. பானெட் சிவப்பு, கூரை சிவப்பு, ஸ்டியரிங் சிவப்பு. இரண்டு பேரும் ஜன்னல் ஓரம், டேஷ்போர்டு அடி, கண்ணாடி விளிம்பு என்று நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து, நீ பொய் சொல்லுத, நீதான் பொய் சொல்லுத என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரி கதவின் கீல் பக்கம் பார்ப்பதற்காகக் குனிந்து கீழே இறங்கி, கீலைச் சுரண்டி, "இங்கயும் இல்ல" என்றாள்.

முப்பிடாதி அவளைப் பார்த்தாள். சந்தனமாரி தன் காலைப் பார்த்தாள்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. எந்த வார்த்தைக்கு நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் முன்சக்கரத்தின் மேல் ஒரு தும்பி உட்கார்ந்து இறக்கையைத் தாழ்த்தியிருந்தது. பிறகு அச்சு மெல்ல மடிந்து, வண்டி சத்தமே இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து, மண்ணில் வயிற்றை வைத்தது. முப்பிடாதி சரிந்து விழுவதற்குள் சந்தனமாரி அவளைத் தாங்கிக்கொண்டாள்.

ஊருக்கு மூன்று கிலோமீட்டர். ஊன்றுகட்டை வழியில் எங்கோ ஓட்டைத் தகட்டின் வழியாக விழுந்திருந்தது. சந்தனமாரி குனிந்து முதுகைக் காட்டினாள்.

"நாப்பத்து மூணு நாளு உக்காந்தே இருந்த காலு. ஒன்னால ஏலுமா?" என்றாள் முப்பிடாதி.

"ஏறு."

ஏறினாள். மெலிந்திருந்தாலும் கனமாகத்தான் இருந்தாள். சந்தனமாரி முதல் பத்து அடிக்கு நடையே மறந்துபோனதுபோல் ஒவ்வொரு அடியையும் தேடி வைத்தாள். மண் சூடாக இருந்தது, உப்புப் பொரிந்து விரலிடுக்கில் குத்தியது. தூரத்தில் வரப்பின் மறுமுனையில் ஆட்கள் கூட்டமாக வருவது தெரிந்தது. அவர்கள் கோபமாக வருகிறார்களா, அழுதுகொண்டு வருகிறார்களா, கயிறும் பலகையும் எடுத்துக்கொண்டு வண்டியை மறுபடி கட்ட வருகிறார்களா என்று தெரியவில்லை. முன்னால் ஒரு ஆள் தனியாக ஓடிவந்தார், கையில் தூக்குவாளி வெயிலில் மின்னியது. என்ன வந்தாலும் வரட்டும் என்று நடந்தாள். நூறு அடி நடந்திருப்பாள், மூச்சு முட்டியது, நெஞ்சு படபடவென்று அடிப்பது முப்பிடாதிக்கு முதுகு வழியாகத் தெரிந்தது.

"கொஞ்சம் நில்லுட்டி" என்றாள் முப்பிடாதி அவள் காதோரம்.

"எறக்கி விடட்டா?"

"வேண்டாம். சும்மா நில்லு."

சந்தனமாரி நின்றாள்.